இறக்கையில் தேய்த்த பனி

வெர்ன் விளக்குமாற்றை வைத்து இறக்கையை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். இரவு விழுந்த தூறல் அப்படியே உறைந்து, இறக்கை முழுக்க உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருந்தது. அதைச் சுரண்டி எடுக்காமல், தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுப் பறப்பது எங்கள் ஆற்றங்கரையில் பழைய பழக்கம். வழவழப்பாகிவிட்டால் பனியே இல்லாத மாதிரி என்பார்கள். விமானம் வெர்னுடையது. ஓட்டுவது நான்.

"ஆச்சு லூக்கி. முகம் பாக்கலாம் போல இருக்கு. ஏறு."

"பனி இன்னும் இறக்கையிலதான இருக்கு. சுத்தமா எடுக்காம நான் ஏற மாட்டேன்."

"எடுத்து முடிக்க மத்தியானம் ஆயிடும். பதினொரு மணிக்கு ஆட்டம்."

எனக்கா தெரியாது? எங்கள் பள்ளியின் கூடைப்பந்து அணிப் பெண்கள் ஐந்து பேரும் பைகளை ஏற்றிவிட்டு நின்றார்கள். பெத்தேல் நகரத்தில் அரையிறுதி. அங்கே போகச் சாலை கிடையாது. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல்தான் வண்டி ஓட்டுவோம், இந்த வருஷம் அதுவும் வண்டியைத் தாங்காது. நேரத்துக்குப் போகாவிட்டால் தோற்றதாக எழுதிவிடுவார்கள். அணித்தலைவி என் மகள் நஸ்தாசியா. பள்ளியில் அவளுக்கு இது கடைசி வருஷம்.

"சொந்தப் பொண்ணு ஏறுறான்னதும் தொடை நடுங்குதோ? வேலை வேணுமா வேணாமா?" என்றார் வெர்ன்.

"வேணாம்."

"அப்ப சாவியக் குடு. நானே ஓட்டிக்கிறேன்."

முழங்கால் வரை வரும் என் பூட்ஸுக்குள் சாவியைப் போட்டேன். "கால வெட்டி எடுத்துக்குங்க."

நஸ்தாசியா முன்னால் வந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. "அம்மா, போன மாசம் மேலாத்து ஊர்ப் பொண்ணுங்கள இதே மாதிரி தேய்ச்சுட்டுத்தான கூட்டிட்டுப் போன?"

"அப்படிக் கேளு!" என்று வெர்ன் சிரித்தார்.

அன்று பனி ஒட்டிய இறக்கை விமானத்தைத் தூக்கவில்லை, ஓடுதளம் முடியும் இடம் வரை சக்கரம் தரையை விடவில்லை. எழுந்ததும் இடது இறக்கை சரிந்தது. புதர்களைத் தாண்டி எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. பின்னால் அந்தப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். இறங்கியதும் எனக்கு நன்றி வேறு சொன்னார்கள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. நினைத்தால் இப்போதும் வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.

"ஆமாடி, கூட்டிட்டுப் போனேன். எல்லாரும் செத்திருப்போம். அதுங்களும் ஒருத்தி பெத்த பொண்ணுங்கதான். அன்னிக்கே மாட்டேன்னு சொல்லியிருக்கணும், சொல்லல. இன்னிக்குச் சொல்றேன். இனிமே யார் பொண்ணு வந்து நின்னாலும் இதேதான் சொல்வேன்."

வெர்னின் சிரிப்பு நின்றது. ஆனாலும் விளக்குமாற்றைக் கீழே போடவில்லை.

நஸ்தாசியா என்னையே பார்த்தாள். பிறகு விமானத்தின் பின்கதவைத் திறந்து, தன் பையை இழுத்துத் தரையில் எறிந்தாள்.

"என்னடி மரம் மாதிரி நிக்கிறீங்க? வந்து பிடிங்க."

"ஏய், அதத் தொடாத!" என்று வெர்ன் கத்தினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் அவள்.

ஐந்தாவது பையையும் இறக்கி வைத்த பிறகுதான் அழுதாள்.