உப்பு பார்க்கும் நாக்கு

வால்டெசீர் முடிச்சுப் போட்ட சாக்கின் வாயைப் பிடித்துத் தூணில் ஓங்கி அடித்தபோது, மார்லிசியின் இரண்டு கைகளும் முழங்கைவரை கொத்துக்கறியில் புதைந்திருந்தன. சாக்குக்குள்ளிருந்து பூனை சின்சா வீறிட்ட சத்தம், விடியலில் கழுத்தில் குத்து வாங்கிய பன்றி போட்ட கூச்சலைவிடக் கூர்மையாக இருந்தது. அந்தப் பன்றியின் ஒரு பாதி கொத்துக்கறியாகித் தொட்டிக்கு வந்துவிட்டது. மறுபாதி ரியோ கிராண்டேயின் ஜூலை மாதக் குளிர்காலத்தில் கொட்டகை உத்தரத்திலிருந்து தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"யோவ்! விடுயா அதை!"

"வாயை மூடு. போன பிள்ளையத் தின்னது பத்தலையா இதுக்கு?"

முந்தின நாள் சுகாதார நிலையத்தில், ரத்தச் சோதனைத் தாளை விரித்து வைத்துக்கொண்டு நர்ஸ் ஜுசாரா நிறையத்தான் சொன்னாள். ஆனால் ஊரில் அந்த வியாதிக்குப் பேரே பூனை நோய். பேரைக் கேட்டதுமே வால்டெசீருக்குக் காது அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவனுக்குள் போனது ஒன்றே ஒன்று: ஆறு மாதக் கர்ப்பிணி பூனையின் மண்பெட்டியைத் தொடக்கூடாது, புருஷன்தான் தினமும் அள்ளிக் கொட்ட வேண்டும். "பூனைப் பீ அள்ளவா எங்கம்மா என்னைப் பெத்தா?" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தான். வீடு வந்ததும் சிரிப்பு நின்றுபோனது. இரண்டு வருடத்துக்கு முன், நாலாம் மாதத்தில் கலைந்ததைத் துணியில் சுற்றி ஆரஞ்சு மரத்தடியில் புதைத்தவன் அவன்தான். அந்த நாட்களில் இந்தச் சாம்பல் பூனை மார்லிசியின் வயிற்றை ஒட்டியே படுத்துக் கிடந்ததை அவன் மறக்கவில்லை.

இரண்டாவது அடி. இந்த முறை வீறிடல் இல்லை. ஈரத்துணியை அறைந்தாற்போல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மார்லிசி கறி கிளறும் மரத்துடுப்பை உருவி அவன் முன்கையில் இறக்கினாள். எலும்பு 'டக்' என்றது. சாக்கு கீழே விழுந்தது. மறுகையால் அவன் அவள் தலைமுடியைப் பற்றித் தொட்டி விளிம்போடு அமுக்கினான். வயிறு இடிபடாமல் அவள் பக்கவாட்டில் வளைந்து, துடுப்பின் பிடியை அவன் வாயில் குத்தினாள். அவன் ரத்தத்தைத் துப்பினான். முடியை விட்டான். அவள் வயிறு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"உனக்காகத்தான்டி செய்யறேன், கழுதை" என்றான். குரல் கிட்டத்தட்ட அழுதது.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஜுசாரா. வீட்டுச் சண்டை வெளியாளுக்குத் தெரியக்கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே புத்தி. அவன் பூட்ஸ் காலைச் சாக்கின்மேல் வைத்து நின்றுகொண்டான். அவள் தொட்டிப் பக்கம் திரும்பி, ஒன்றும் நடக்காததுபோல ஒரு சிட்டிகைப் பச்சைக் கறியை எடுத்து நாக்கில் வைத்தாள். அந்தத் தெருவில் யார் வீட்டில் பன்றி அடித்தாலும், கறியைத் தொத்திறைச்சிக்காகக் குடலில் அடைக்குமுன் உப்பு பார்க்க மார்லிசியைத்தான் கூப்பிடுவார்கள்.

"துப்பு!" ஜுசாரா ஓடிவந்தாள். "துப்புடி! பச்சைக் கறி வாயில படக்கூடாதுன்னு நேத்து தொண்டை கிழியக் கத்தினேனா இல்லையா?"

"திங்கலையே அக்கா. உப்புதானே பாத்தேன்."

"பூனைய முடிச்சாச்சு" என்றான் வால்டெசீர், வீங்கிய உதட்டோடு. "இனி பயமில்ல."

ஜுசாரா சாக்கைப் பார்த்தாள். "நாசமாப் போறவனே! வீட்டைத் தாண்டாத பூனை, வெந்ததத் திங்கிற பூனை, அதுக்கு எங்கேருந்து நோய் வரும்? தினம் மண்ணை அள்ளிப் போடுறதுக்கு உனக்கு அவ்வளவு வலிச்சுதா? அந்தத் தாள் என்ன சொல்லுது தெரியுமா? இந்த நோய் இவ ஒடம்புக்கு இதுவரைக்கும் வந்ததே இல்ல. போன பிள்ளைய இது தின்னல. வரணும்னா இனிமேதான் வரணும். அதுவும் இந்தத் தொட்டியில கெடக்கற பச்சைக் கறியிலிருந்து வரலாம்." மார்லிசி பக்கம் திரும்பினாள். "விடிஞ்சதுலேருந்து எத்தனை தடவை நாக்குல வெச்சே?"

பூண்டு போட்டதும் ஒரு தரம். மிளகு போட்டதும். பிறகு, பக்கத்து வீட்டுத் தொட்டியில். மார்லிசி இடுப்பில் கட்டியிருந்த துணியை எடுத்து நாக்கைத் துடைத்தாள். அந்தத் துணியிலும் கறி ரத்தம் இருந்தது. மறுபடி துடைத்தாள்.

வால்டெசீர் மெல்லக் காலைத் தூக்கினான். சாக்கில் ஈரம் பரவியிருந்தது. முடிச்சை அவிழ்க்க யாரும் குனியவில்லை. இழையைத் துளைத்துக்கொண்டு ஒரே ஒரு நகம் வெளியே வந்து அவன் பூட்ஸ் கயிற்றில் மாட்டியது. இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.