மெத்தை விற்ற பந்தயக் கார்கள்

அணியின் வரலாற்றைத் தலைவர் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஸ்பான்சர் அழைத்து வந்த விருந்தினர்கள் கூடாரத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு குளிர்பானத்தைக் கையில் வாங்கினார்களோ இல்லையோ, தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கிவிடுவார்.

"ஒரு கனவு. ரெண்டே ரெண்டு மனுஷங்க. ஒரு பழைய கொட்டகை..."

பக்கத்தில் நிற்கும் அவருடைய மனைவி அந்த நேரத்தில் கூடாரத்தின் கூரையை ஆராய்ந்துகொண்டிருப்பாள். விருந்தினர்களின் நெகிழ்ந்த முகங்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுவிடும்.

கனவு உண்மைதான். அதைக் கண்டது அவர் இல்லை, அவளுடைய தம்பி. கொட்டகையும் உண்மைதான், அவர்களுடைய டயர்க் கடையின் பின்பக்கம். அந்த 'ரெண்டே ரெண்டு மனுஷங்க' என்ற இடத்தில்தான் கணக்கு உதைத்தது. விபத்தில் நசுங்கிய ஒரு குடும்பக் காரை வாங்கி வந்து, அதன் இருக்கைகளைப் பிடுங்கி, உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு வைத்து அதைப் பந்தயக் காராக்கியபோது கையில் கொப்புளம் வாங்கியவர்கள் மூன்று பேர். வரலாறு எப்படியோ மூன்றாவது ஆளை வழியில் இறக்கிவிட்டுவிட்டது. அந்த மூன்றாவது ஆளான அவள் வார நாட்களில் மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். பந்தய நாட்களில் ஓடுதளத்தின் ஓரச் சுவரருகே ஸ்டாப்வாட்ச்சும் ரேடியோவுமாக நிற்பாள்.

முதல் பந்தயத்தில் எதிராளிகளை நடுங்க வைத்ததாகத் தலைவர் சொல்வார். நடுங்கத்தான் செய்தார்கள். பாதி ஓட்டத்தில் பானெட் திறந்துகொண்டு முன் கண்ணாடியை மறைக்க, தம்பி பக்கவாட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு ஓட்டினான். அப்படி ஒருவன் வருவதைக் கண்டால் யார்தான் ஒதுங்க மாட்டார்கள்? கடைசியாக வந்தான், சிரித்துக்கொண்டே வந்தான். அவளும் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

பிறகு டயர் மாற்ற வந்த ஒரு மெத்தைக் கம்பெனி முதலாளி தலைவரின் பேச்சில் மயங்கினார். அணி தொழில்முறை அணி ஆனது. கார்கள் இரண்டாயின, இரண்டுக்கும் படுக்கை விரிப்பின் வெளிர்நீலம். பானெட்டில் தூங்கும் நிலா ஒன்று, அதன் கீழே கொட்டை எழுத்தில் 'ஆழ்ந்த உறக்கம்'. ஒலிபெருக்கியில் வர்ணனை செய்பவருக்கு அதற்குப் பிறகு நகைச்சுவைக்குப் பஞ்சமே இல்லை. "தூங்குமூஞ்சிகள் வந்துட்டாங்கப்பா!" என்பார். மெக்கானிக் ஸ்பானர் (அவருக்கு வேறு பெயர் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை) காதைப் பொத்திக்கொள்வார்.

தொழில்முறை ஆனதும் தலைவர் செய்த முதல் சீர்திருத்தம், வண்டிக்கு அடியில் படுப்பதை நிறுத்தியது. இரண்டாவது, மேகமூட்டத்திலும் கறுப்புக் கண்ணாடி. மூன்றாவதாக மின்னலைக் கொண்டுவந்தார்.

மின்னல் நிஜமாகவே வேகமான ஓட்டுநர். அதை அவனே வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. வந்த வாரமே தம்பியின் நல்ல எஞ்சின் மின்னலின் காருக்கு இடம் மாறியது. பழையது தம்பிக்கு வந்தது.

"என்னங்க இது? அவன் ஓட்ட வேணாமா?" என்று கேட்டாள்.

"மச்சான் நம்ம வீட்டுப் பையன். புரிஞ்சுக்குவான்," என்றார் தலைவர்.

தம்பி புரிந்துகொண்டான். புரிந்துகொள்வது ஒன்றுதான் அவனுக்கு அணியில் மிச்சமிருந்த வேலை. பந்தயம் முடிந்து வந்தால் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, யாரிடமும் பேசாமல் மின்னலின் காரைத் துடைக்கப் போய்விடுவான். சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஆண்டின் கடைசிப் பந்தயத்தில் மழை பிடித்துக்கொண்டது. மின்னல் அதில் முதலில் வந்தால், புள்ளிக் கணக்கில் ஆண்டின் ஓட்டுநர் பட்டம் அவனுக்கு, பெருமை அணிக்கு. தலைவர் காலையிலிருந்தே பட்டம் வென்றவர்போல நடந்துகொண்டிருந்தார். பச்சை விளக்கு எரிந்தது. முதல் வளைவில் முன்னணிக் கார்கள் ஒன்றையொன்று இடித்துக் குவியலாகக் கிடந்தன. மின்னல் அதில் சிக்கித் திணறி வெளியே வந்தான். அந்தக் கூட்ட நெரிசலில் மாட்டிக்கொள்ளக்கூட முடியாத அளவுக்குப் பின்னால் இருந்த தம்பி, ஓரமாக நுழைந்து போனான். நிமிர்ந்து பார்த்தால் அவனுக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

வர்ணனையாளருக்கே நகைச்சுவை மறந்துபோனது.

மழையில் பழைய எஞ்சினின் குறை தெரியவில்லை. சுற்றுக்குச் சுற்று அவள் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தாள். தம்பி தவறே செய்யவில்லை. ஆனால் மின்னல் ஒவ்வொருவராகத் தாண்டி இரண்டாவது இடத்துக்கு வந்து, அவன் முதுகில் ஒட்டிக்கொண்டுவிட்டான்.

தலைவர் குடையோடு ஓடி வந்தார். "மச்சானை வழி விடச் சொல்லு."

"அவன்தாங்க முன்னாடி இருக்கான்."

"அதனாலதான் சொல்றேன்! பின்னாடி இருந்தா எதுக்குச் சொல்லப்போறேன்?"

அவள் ரேடியோவை அழுத்தினாள். "தம்பி, உன் பின்னாடி மின்னல் வர்றான். உங்க அத்தான் வழி விடச் சொல்றாரு."

கரகரப்புக்கு நடுவே அவன் குரல் வந்தது. "நீ என்னக்கா சொல்றே?"

அணியில் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. தலைவர் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டுடா," என்றாள்.

தலைவர் பாய்ந்து வந்து அவளுடைய ஹெட்செட்டைப் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை. அணியின் நிறுவனரும் அவருடைய துணைவியாரும் விருந்தினர்கள் கண்ணெதிரே ஆளுக்கொரு காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்கள். ஸ்பானர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எப்படியோ மைக் தலைவரின் வாயருகே வந்த நேரத்தில் அவர் அலைவரிசையை மாற்றி மின்னலிடம் கத்தினார்: "அடுத்த வளைவுல வழி விட்டுடுவான், உள்ள புகுந்துடு!"

மின்னல் நம்பினான். அப்படி ஒருவரை ஒருவர் நம்பிய சம்பவம் அந்த அணியில் அதுதான் முதல் தடவை. அவன் உள்பக்கம் புகுந்தான், தம்பி வழி விடவில்லை. கதவும் கதவும் உரசின. மின்னலின் கார் சுழன்றுகொண்டே போய் ஓரத்துச் சரளையில் மூக்கு வரை புதைந்தது. தம்பியின் பின்பம்பர் ஒரு பக்கம் கழன்று, தரையில் தேய்ந்து கதறியது. அந்தக் கதறலோடே மீதிச் சுற்றுகளை முடித்து, முதலாவதாகக் கோட்டைத் தாண்டினான்.

அவள் ஸ்டாப்வாட்ச்சை நிறுத்த மறந்துவிட்டாள்.

அணியின் சார்பில் மேடைக்கு வரும்படி ஒலிபெருக்கி அழைத்தபோது, அதுவரை கொதித்துக்கொண்டிருந்த தலைவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முதல் ஆளாகப் படியேறினார். கோபம் கோபம்தான், கோப்பை கோப்பைதான். தம்பி ஒரு கையால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கூட்டத்தில் அக்காவைத் தேடிக் கையசைத்தான். வாயெல்லாம் பல்.

தொலைக்காட்சியில் வெற்றியைக் காட்டியதைவிட, சரளையில் புதைந்து கிடந்த காரின் மேல் 'ஆழ்ந்த உறக்கம்' என்று மின்னியதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஊரே சிரித்தது. மெத்தை முதலாளி விலகிக்கொண்டார். அடுத்த நாளே மின்னலும் வேறு வானம் தேடிப் போனான்.

தலைவர் பல நாள் வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மதியம் கடையில் ஆளில்லாத நேரத்தில், டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு தானாகவே ஆரம்பித்தார்.

"மின்னல் ஜெயிச்சிருந்தா டீம் நின்னிருக்கும். மச்சான் ஜெயிச்சது ஒரு நாள் சந்தோஷம், அவ்வளவுதான்."

"அந்த ஒரு நாளுக்குத்தானேங்க இதை ஆரம்பிச்சோம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அவருக்கு வயதாகியிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

"அவன்கிட்ட நான் என்னன்னு பேசுறது?" என்றார் கடைசியில்.

"எஞ்சினைப் பத்திப் பேசுங்க. உங்க ரெண்டு பேருக்கும் வேற என்ன தெரியும்?"

மறு ஆண்டு ஒரே ஒரு கார்தான். கூடாரம் கிடையாது, கதை கேட்க விருந்தினரும் கிடையாது. முதல் பந்தயத்துக்கு முன் கியர் இறுகிக்கொள்ள, தலைவர் முனகிக்கொண்டே அடியில் படுத்தார். எண்ணெய் அவர் நெற்றியில் சொட்டியது.

"அத்தான், அந்த இடத்தில இல்ல, கொஞ்சம் இடப்பக்கம்," என்றான் தம்பி.

"எனக்குத் தெரியும்டா!" என்றது வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சுவரோரம் போனாள். அன்று ஒன்பதாவதாக வந்தார்கள்.