ஒரு புள்ளி தள்ளி

ஒரு புள்ளி நகர்ந்தால் தெரிந்து, நகராவிட்டால் மறைந்துவிடுமென்றால் அது விரிசலே இல்லையோ? நான்தான் வம்பை விலைக்கு வாங்குகிறேனோ?

அவள் முன் திரையில் ஒரு கொதிகலன் குழாயின் எக்ஸ்ரே. பற்றவைத்த இணைப்பின் ஓரத்தில் மயிரிழையாக ஒரு கோடு. காலையில் ஆய்வகத்தின் பழைய கணினி நிரல் அதைத் தூசி என்று துடைத்துவிட்டிருந்தது. காபியை வைக்கும்போது விசைப்பலகையில் அவள் கை பட்டு, படம் ஒரே ஒரு புள்ளி, ஒரு பிக்சல் அளவு, இடப்பக்கம் போனது. மறுபடி ஓட்டினாள். கோடு வந்து நின்றது.

அதன் பிறகுதான், கலப்பெண் வேவ்லெட் என்ற கணித முறையில் ஆறு மாதமாகத் தானே எழுதிவந்த நிரலைத் திறந்தாள். அதில் ஒவ்வோர் இடத்தையும் இரண்டு சல்லடைகள் சலிக்கும். ஒன்றுக்கு மற்றது அரைப் புள்ளி தள்ளி நிற்பதால், ஒன்று விட்டதை இன்னொன்று பிடித்துவிடும். இரண்டும் சேர்ந்து கோட்டின் வலுவை ஓர் எண்ணாகவும், நிற்கும் இடத்தை இன்னோர் எண்ணாகவும் சொல்லும். படத்தை ஒரு புள்ளி நகர்த்தினாள். பிறகு மூன்று புள்ளி, ஏழு புள்ளி. இடத்தின் எண் மாறிக்கொண்டே இருந்தது. வலு அசையவில்லை.

ஆய்வகம் அக்காவின் கணவருடையது. அவர் பின்னால் வந்து நின்றார்.

"இன்னுமா அந்தக் குழாயக் கட்டிக்கிட்டு அழற? பழைய நிரல்ல சுத்தமா வந்துச்சுல்ல? அதையே அனுப்பு."

"ஒரு புள்ளி தள்ளினா விரிசல் தெரியுது, அத்தான்."

"அப்போ தள்ளாத!" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "ஆலைக்காரங்க நாளைக்கே கொதிகலனப் பத்தவைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. இவங்களும் போயிட்டா நமக்கு வேற யாரு இருக்கா? உங்க அக்காவ நெனச்சுப் பாரு. கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா."

கொஞ்சம் நகர்ந்துக்கோ என்பதைத்தான் அவர் வேறு வார்த்தையில் சொல்கிறார். கட்டிலின் ஓரத்தில், குடும்பப் புகைப்படத்தில், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவள் நகர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறாள். யாரும் வற்புறுத்தியதில்லை. சொல்வதற்கு முன்பே நகர்ந்துவிடுவாள்.

படச்சுருளைக் கொண்டுவந்த ஆலையின் கொதிகலன் ஆள் நேற்று பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். "அந்தக் குழாய் மேலதாங்க என் சாப்பாட்டு டப்பாவ வெப்பேன். மத்தியானம் தொறந்தா ஆவி பறக்கும்," என்று பெருமையாகச் சொன்னான்.

அத்தான் சோதனை அறிக்கைத் தாளை அவள் முன்னால் வைத்தார். 'குறை ஏதுமில்லை' என்ற கட்டத்தில் அவரே குறி போட்டிருந்தார். கையெழுத்துப் போடப் பேனாவையும் திறந்து நீட்டினார்.

வாங்கிக்கொண்டாள். மூடியைத் திருகி மூடித் தாளின்மேல் வைத்தாள்.

"மாட்டேன், அத்தான்."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். அவர் நகரவில்லை. அவள் விரல் அம்புக்குறியை இன்னொரு முறை தட்டியது. படம் ஒரு புள்ளி தள்ளிப்போனது. கோடும் கூடவே போனது, மங்காமல்.