கைது எண்

ஐந்தரைக்கு எழுகிறேன். பல் துலக்குகிறேன். அடுப்பில் வெந்நீர் வைத்து, அது கொதிப்பதற்குள் சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். ஏழு மணிப் பேருந்து. எட்டுக்கு மறுவாழ்வு மையத்தின் ஜன்னலைத் திறந்து உட்காருகிறேன்.

போன வருடம் வரை அது சிறை. போதையில் விழுந்தவர்கள் இனிக் குற்றவாளிகள் அல்ல, நோயாளிகள் என்று சட்டம் வந்தது. பெயர்ப்பலகைக்குப் புது வர்ணம் அடித்தார்கள். மழை பெய்தால் பழைய எழுத்து தெரியும். வார்டர் மூன்று நாள் பயிற்சி முடித்து ஆலோசகர் ஆனார். "நோயாளி நாலு, கையைக் கட்டு" என்று அன்பாகத்தான் சொல்வார்.

என் மனைவி திறப்பு விழா அன்றே சிகிச்சைக்குச் சேர வந்து, என்னோடு வரிசையில் நின்றவள். அமைச்சர் பேசி முடிக்கும்வரை ஜன்னல் திறக்கவில்லை. மாலையில் பேருந்து நிலையக் கழிப்பறையில் கிடந்தாள். "என்னோடு இந்த அரக்கன் ஒழியட்டும்" என்று சொல்லி உயிர்விட்டதாக அமைச்சர் மறுநாளும் பேசினார். அதைத் தங்க எழுத்தில் முற்றத்துச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கருணை அடிப்படையில் இந்த வேலை.

அறுபது கட்டில். பதினோரு நோயாளிகள். எல்லோரும் பழைய கைதிகள். பலகை மாறியது, படிவம் மாறவில்லை. 'கைது எண்' கட்டம் காலியாக இருந்தால் யாரையும் சேர்க்க முடியாது. போதைக்காகக் கைது செய்வதையோ நிறுத்திவிட்டார்கள்.

இன்று முதல் ஆளாக வந்தவன் என் மச்சான். அவளுடைய தம்பி. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னிக்குத் திருப்பி அனுப்பினா நான் மறுபடி வரமாட்டேன் மாமா. எனக்கே தெரியும்."

ஆலோசகர் படிவத்தை எட்டிப் பார்த்தார். "நம்பர் இல்லையே தம்பி. வாசல்ல என் சைக்கிள் நிக்குது. திருடிட்டு ஸ்டேஷனுக்குப் போ. அரை மணியில நம்பர் குடுத்துடுவாங்க."

"சைக்கிள் ஓட்டற நிலைமையில இருந்தா இங்க ஏன் சார் வரேன்?"

"தள்ளிட்டுப் போயேன். எப்படியும் டயர்ல காத்து இல்ல."

'கைது எண்' கட்டத்தில் என் பணி எண்ணை எழுதினேன்.

"இது யார் நம்பர்?"

"என்னோடது."

யோசித்தார். "கட்டம் காலியா இல்ல. அவ்வளவுதான் வேணும்." முத்திரை குத்தினார்.

டாக்டர் வர இருபது நிமிடம் ஆகும். மச்சான் பெஞ்சில் உட்கார்ந்தான். எழுந்தான். வாசலைப் பார்த்தான்.

"ரெண்டு நிமிஷம் மாமா. வெளிய போயிட்டு வந்துடறேன்."

ஜன்னலைச் சாத்தினேன். ஒன்பது மணிக்கே 'உணவு இடைவேளை' பலகையை மாட்டினேன்.

"வா, நானும் வரேன்."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்ல."

சிரித்தான். முற்றத்தையே சுற்றிச்சுற்றி நடந்தோம். ஆறாவது சுற்றில் சுவருக்கு முன் நின்றான்.

"அக்கா நெஜமா இப்படியா சொன்னா?"

"அவ என்னிக்கு இப்படிப் பேசியிருக்கா?"

"பின்ன என்னதான் சொன்னா?"

டாக்டர் வந்தார். அவனை அறை வாசல்வரை கூட்டிப்போய், கதவைத் திறந்துவிட்ட பிறகுதான், அன்று வரிசையில் அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னதைச் சொன்னேன்.

"ரெண்டு நிமிஷம். என் இடத்தைப் பாத்துக்கோங்க, வந்துடறேன்."