மாலை போட்ட சிலிண்டர்

நாடே கொரோனாவில் மூச்சுக்கு அலைந்த வைகாசி அது, கண்ணுகளா. கல்வராயன் மலை ஆஸ்பத்திரிக்கும் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் வந்து இறங்கியது. இறங்கியதும் சந்தனம் தடவி, மூன்று குங்குமப் பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு, வாசலில் நிறுத்திவிட்டார்கள். தானம் தந்த தலைவர் ஆதிமூலம் மூங்கில்துறைப்பட்டிலிருந்து வந்து தன் கையால் திறந்துவைக்க வேண்டுமாம். அதுவரை அவர் ஆள் ராசு காவல்.

உள்ளே கூலிக்காரன் பிச்சைமுத்து கரையில் போட்ட மீனாக வாயைப் பிளந்துகொண்டிருந்தான். நர்ஸ் தைலம்மாள் அவன் விரலில் மாட்டிய கருவியைப் பார்த்தாள். ஆக்சிஜன் அளவு எண்பத்தொன்று. பழைய சிலிண்டர் விடியும்போதே தீர்ந்திருந்தது.

"ராசு, அத்த உள்ள தள்ளிக்கினு வா. ஆளு போய்டுவான்யா."

"நல்ல நேரம் பத்தரைக்குங்க நர்சம்மா. தலைவரு வந்துக்கினே இருக்காரு."

"மணி பன்னண்டு ஆவுது!"

"அடுத்தது ஒன்னரைக்கு இருக்குதுங்க."

மலை வளைவில் ஆரன் கேட்டது. ராசு சரவெடியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். மூச்சுத் திணறுபவர்களுக்கு வெடிப்புகை நல்லதென்று யார் சொன்னார்களோ!

"குஞ்சம்மா, அந்த மாலையக் கயட்டு!" என்றாள் தைலம்மாள்.

பிச்சைமுத்துவின் பெண்டாட்டி குஞ்சம்மாள் விறகுக்கட்டு தூக்கிய உடம்புக்காரி. இருவருமாகப் புதுசை உள்ளே உருட்டினார்கள். காலியை வாசலில் நிறுத்தினார்கள். சந்தனம், பொட்டு, மாலை. குஞ்சம்மாள் தள்ளி நின்று பார்த்து, நடுப்பொட்டை நேராக்கினாள்.

"அதே ஜாடைதான் நர்சம்மா."

உள்ளே 'உஸ்' என்று காற்று இறங்கியது.

ஊரடங்கை மதித்துப் பன்னிரண்டு பேரோடு மட்டும் வந்தார் ஆதிமூலம். காலி சிலிண்டரின் திருகைத் திருகினார். கைதட்டல். போட்டோவுக்காகப் புது ஆக்சிஜன் மாஸ்க்கைத் தானே மாட்டிக்கொண்டார். அதன் குழாய் எதிலும் சொருகாமல் தொங்கியதை யாரும் பார்க்கவில்லை. கண்ணை மூடி இழுத்தார்.

"ஆகா! இன்னா சில்லுனு கீது! ஒடம்பே லேசாயிடுச்சி!"

"எனக்கும் கொஞ்சம் தலைவரே" என்று பின்னால் வரிசை நின்றது.

"பாத்து இழுங்க, தீந்துடப் போவுது" என்றாள் குஞ்சம்மாள்.

தைலம்மாள் சிரிப்பைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். தொண்ணூற்றிரண்டு. பிச்சைமுத்து கண் திறந்தான்.

"வெளிய இன்னா கூட்டம் நர்சம்மா?"

"காத்து வாங்கிக்கினு கீறாங்க. நீ பேசாம இழு."