பானுப்ரியாவின் சனிக்கிழமை

கரண்டு பில் கட்டப் போய்க்கொண்டிருந்த பிரேமா கடற்கரைச் சாலையில் சட்டென்று நின்றாள். எதிர்ப்பக்க லாட்ஜுக்குள் பானுப்ரியா நுழைந்துகொண்டிருந்தாள். பிரேமாவின் கொழுந்தன் மனைவி. “ஆத்தூர்ல அம்மையப் பாத்துட்டு சாயங்காலம் வந்துருதேன்” என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுக் காலையில் கிளம்பியவள்.

பொய் சொல்வானேன், பிரேமாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஒரே வீட்டில் கீழே இவள், மாடியில் அவள் என்று பதினோரு வருடம். பானு வரும்வரை அந்த வீட்டில் சிக்கனம் என்றால் பிரேமாதான். பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே வழித்தெடுத்து, மல்லித்தண்டைக்கூட வீசாமல் ரசத்தில் போட்டு, பார்த்துப் பார்த்துச் சம்பாதித்த பெயர். பானு வந்தாள். பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்து எடைக்குப் போட்டாள். கிழிந்த நைட்டியில் தலையணை உறை தைத்தாள். “எங்க சின்னவள மாதிரி உண்டுமா” என்று மாமியார் வடிவம்மாள் தெருவெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். அன்று பிடித்த வயிற்றெரிச்சல் பிரேமாவுக்கு இன்னும் அடங்கவில்லை. மாட்டினாயா என்று சாலையைக் கடந்தாள். எவனோடு வந்திருக்கிறாளோ, அவன் மூஞ்சியையும் பார்த்துவிட வேண்டும்.

ரிசப்ஷனில் இருந்தவர் தயங்கவே இல்லை. “பானுப்ரியா மேடமா? மாசாமாசம் முத சனிக்கிழம வருவாங்க. இருநூத்தி நாலு.”

கதவைத் திறந்த பானுவின் தலை அதற்குள் கலைந்திருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. பிரேமா குளியலறைக் கதவையும் தள்ளிப் பார்த்தாள். வாளியும் கப்பும்தான் இருந்தன.

“கதவச் சாத்துங்கக்கா, குளிரு வெளிய போயிரும்” என்றாள் பானு. ஏசிக்குக் காசு கொடுத்தவள் அல்லவா.

“எவன்ளா வாரான் இங்கன?”

“ஒருத்தனும் வரல. தூங்குததுக்கு வாரேன்.”

“தூங்கவா? காசு குடுத்தா?”

“பத்து மணிக்கு வந்தா அஞ்சு மணி வரைக்கும் என்னைய ஒருத்தரும் கூப்பிட மாட்டாவ. வேற எதுக்கும் நான் செலவழிக்கலக்கா. இது எனக்கு வேணும்.”

கடையில் கால் கிலோ உளுந்து கேட்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். பிரேமா கட்டிலைப் பார்த்தாள். நான்கு தலையணைகள். தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, கட்டிப்பிடிக்க ஒன்று, சும்மா கிடக்க ஒன்று. உள்ளே எவனாவது இருந்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்க மாட்டாள். தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பார்த்தாள். கிரைண்டருக்குப் புதுக்கல் ஞாபகம் வந்தது. மகனுக்கு ஷூ வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

“அத்தைட்ட சொல்லிராதியக்கா” என்றாள் பானு. பிறகு கட்டிலில் ஒதுங்கி இடம் விட்டாள். “நீங்களும் செத்த நேரம் படுங்க. ரெண்டு பேருக்கும் தாராளமாக் காணும்.”

அதுதான் பிரேமாவுக்குச் சுருக்கென்று குத்தியது. “ஒம் பாதி எனக்கு எதுக்குளா?” என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் படியிறங்கினாள்.

நேராக ரிசப்ஷனுக்குப் போனாள். “அந்த ரூமுக்கு மேல ரூம் இருக்கா?”

“நேர் மேல முன்னூத்தி நாலு காலிதான் மேடம். கடல் நல்லாத் தெரியும். எரநூறு ரூவா கூட.”

“பரவால்ல” என்றாள் பிரேமா. இதுவரை எந்தக் கடையிலும் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை. கரண்டு பில்லுக்கு வைத்திருந்த பணத்தையும் ஆதார் அட்டையையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அறை நன்றாகத்தான் இருந்தது. விரிப்பு வெள்ளை வெளேரென்று விறைத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே, துறைமுகத்துக்கு அப்பால், ஒரு கப்பல் அசையாமல் நின்றது. பிரேமா ஏசியைக் கூட்டி வைத்துவிட்டுப் படுத்தாள். வலப்பக்கம் திரும்பினாள், இடப்பக்கம் திரும்பினாள், கண்ணை இறுக்கி மூடினாள். சேலை நலுங்கியதுதான் மிச்சம். தன் முதுகுக்கு நேர் கீழே அவள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவாள் என்ற நினைப்பு வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

மூலையில் ஓர் இரும்பு நாற்காலி கிடந்தது. பிரேமா அதன் முதுகைப் பிடித்து, கால்கள் தரையில் கீச்சிட, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை இழுத்துக்கொண்டு போனாள். நின்று காதைத் தீட்டிக் கேட்டாள். கீழே ஒரு சத்தமும் இல்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலியைத் திருப்பி மறுபடி இழுக்க ஆரம்பித்தாள்.