வெள்ளச்சியின் சிவப்பு விளக்கு

வெள்ளச்சி என் காடியின் பெயர். கார் என்றும் சொல்லலாம். என் மகனைவிட அவளுக்கு ஒரு வயது கூடுதல். இருவரில் சொன்ன பேச்சைக் கேட்பவள் அவள்தான். வாங்கியபோது வெள்ளை நிறம். இப்போது என்ன நிறம் என்று கேட்டால், மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று இரண்டு பதில் வைத்திருக்கிறேன்.

அவளைப் பற்றி நான் சொல்வது எதையும் எங்கள் ஊர் குருணில் யாரும் நம்புவதில்லை. ஒரு வெள்ளத்தில் அவள் கூரைவரை மூழ்கி எழுந்தாள். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், முன்விளக்குக் கண்ணாடிக்குள் ஒரு கெளுத்தி மீன் குடியேறியிருந்தது. இருட்டில் விளக்கைப் போட்டால் ரோட்டில் லாரி நீளத்துக்கு மீன் நிழல் நீந்திப் போகும். எதிரே வருகிறவர்கள் மரியாதையாக ஒதுங்கினார்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். இன்னொரு முறை அலோர் ஸ்டாரிலிருந்து பெட்ரோல் இல்லாமல், இறக்கத்திலேயே உருண்டு வீடு வந்து சேர்ந்தேன். கெடாவில் ஏது இறக்கம், அந்தப் பக்கமெல்லாம் தோசைக்கல் மாதிரி வயல்தானே என்கிறார்கள். அன்றைக்கு இருந்தது. நான் என்ன செய்ய முடியும்?

என் மகன் புவனேசன் இங்கே ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவன் சிரிப்பதும் இல்லை. சின்ன வயதில் சிரித்திருக்கிறான் என்று என் மனைவி காளியம்மா சொல்கிறாள். நான் அப்போது எஸ்டேட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. வெள்ளச்சிக்கு பிரேக் குழாய் வெடித்து, நான் ஒரு செம்பனை மரத்தின் உதவியால் நின்ற அன்று அவன் முடிவாகச் சொல்லிவிட்டான்.

"இதான் கடைசிப்பா. இன்னொரு தடவ இது ரோட்ல நின்னுச்சுன்னா நேரா பெசி பூரோக்தான்."

பெசி பூரோக் என்றால் பழைய இரும்புக் கடை. காந்தம் கட்டிய ஒரு கிரேன் அங்கே இருக்கிறது. தூக்கும், நசுக்கும், சப்பாத்தி மாதிரி அடுக்கும். வெள்ளச்சி சப்பாத்தியாகிவிட்டால் எனக்கு முடி வெட்டவும், கடையில் ஒரு தே தாரிக் டீ குடிக்கவும் மகனின் ஓய்வு நாள்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் குடியிருப்புத் தாமானுக்கு பஸ் வருவதை நிறுத்தி ரொம்ப காலமாகிறது. மகன் காரில் ஏறினால், சீட் பெல்ட் போடு, கதவைச் சாத்து என்று ஒரு பெண் குரல் ஓயாமல் சொல்லும். எனக்கு வீட்டிலேயே அந்த வசதி உண்டு.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் தாமானில் அன்று எல்லா வண்டிக்கும் பொட்டு வைத்து, முகத்தில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோர்த்துக் கட்டுவார்கள். மறுநாள் காலை ஜெராய் மலையிலிருந்து குரங்குகள் இறங்கி வந்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு போகும். மோட்டோவில் கட்டியதை முதலில் எடுக்கும், லாரியில் கட்டியதைக் கடைசியில். அவற்றுக்கு ஒரு முறை இருக்கிறது. பூஜை அன்று எனக்குக் காய்ச்சல், படுத்துவிட்டேன். எழுந்து வந்து பார்த்தபோது வெள்ளச்சி முகத்தில் பொட்டு மட்டும்தான் இருந்தது. குரங்கு முந்திக்கொண்டது என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு காடியில் ஒரு வாசனை. கொஞ்ச தூரம் ஓடி இஞ்சின் சூடானதும் தொண்டையில் கமறும். காளியம்மா அடுக்கடுக்காகத் தும்முவாள்.

"யாருங்க காடிக்குள்ள மிளகா வறுக்கிறது?"

"புகைமூட்டம். வருஷா வருஷம் வர்றதுதானே."

"வானம் பளிச்சின்னு இருக்கு."

"அதான் ஒனக்குத் தெரியல."

பூஜை முடிந்த அடுத்த வாரம், திகாம் பத்துவில் சொந்தக்காரர் வீட்டில் குழந்தைக்குக் காது குத்து. புவனேசனின் கார் சர்வீஸுக்குப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் வெள்ளச்சியில் ஏறினான். ஏறியவுடன் எந்தெந்த இடத்தில் துரு இருக்கிறது என்று பார்த்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு, தொழிற்சாலையில் யாரையோ திட்ட ஆரம்பித்தான். காளியம்மா பின் சீட்டில் பலகாரத் தட்டோடு.

பீடோங் தாண்டி ஒரு பள்ளம். சக்கரம் இறங்கியதும் எனக்கு முன்னால் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு மின்னியது. மூக்கில் ஒரு சொட்டு தொங்குகிற எண்ணெய்க் குவளையின் படம். இஞ்சினுக்குள் எண்ணெயின் அழுத்தம் குறைந்தால் எரிகிற விளக்கு அது. லாரி ஓட்டியவனுக்கு அதைவிடக் கெட்ட சகுனம் கிடையாது. அழுத்தம் இல்லாத இஞ்சின் தன்னைத்தானே தின்றுவிடும்.

நல்ல ரோடு வந்ததும் அணைந்துவிட்டது. அடுத்த பள்ளத்தில் மறுபடி மின்னியது. அணைந்தது. புவனேசன் போனில் இருந்தான். திகாம் பத்துவுக்கு முந்தின ரோட்டில் தார் ஒட்டுப்போட்ட மேட்டில் சக்கரம் ஏறி இறங்கியபோது விளக்கு எரிந்தது. இந்த முறை அணையவில்லை. அவனும் போனை வைத்துவிட்டான்.

"என்னாப்பா செவப்பா எரியுது?"

ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்தினேன். வெள்ளச்சி ரோட்டில் நின்றுவிட்டாள். மகன் போனை மறுபடி எடுத்தான். சொல்ல வேண்டியதை ஏற்கனவே சொல்லிவிட்டானே. பெசி பூரோக் கடையின் நம்பரை அவன் போனில் வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஷீலா ஒரு பார்வை பாத்துரட்டும்" என்றேன். "அவ போச்சுன்னு சொன்னா நானே சாவியக் குடுத்துர்றேன்."

"அவ சொன்னா சரி. நீங்க சொல்லக்கூடாது."

ஷீலாவின் ஒர்க்‌ஷாப் திகாம் பத்துவில்தான். வெள்ளச்சியின் வயிற்றை எங்கள் குடும்பத்தில் எல்லோரையும்விட அவள்தான் அதிகம் பார்த்தவள். போன் போட்டதும் வேனில் வந்து இறங்கினாள். கையில் ஸ்பேனர், வாயில் இன்னும் மெல்லிக்கொண்டிருந்த காலைப் பசியாறல். பானட்டைத் திறந்தாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் தும்மினோம். பின் சீட்டிலிருந்து காளியம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

ஷீலா எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தாள். மேல் கோடுவரை எண்ணெய் இருந்தது.

"எண்ணெ நெறைய இருக்கு. அப்படின்னா பம்ப்பு போயிருக்கும். இல்ல உள்ள பேரிங் தேஞ்சிருக்கும். வயசாயிருச்சில்ல மாமா."

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும்."

புவனேசன் போனைக் கையில் எடுத்தான். "இஞ்சினப் பிரிக்கணுமா?"

"பம்ப்புன்னா பிரிச்சுத்தான் ஆகணும்ணே. மாமா, ஒங்களத்தான். எப்ப எரிஞ்சது? நெசத்த மட்டும் சொல்லுங்க."

"பள்ளத்துல எறங்குனா எரிஞ்சது. ரோடு நல்லாருந்தா அணைஞ்சது. கடைசியா அந்த ஒட்டுல ஏறி எறங்குனப்ப எரிஞ்சது, அணையவே இல்ல."

ஷீலா என்னைப் பார்த்தாள். "அப்ப மீனு எங்க இருந்துச்சு?"

"மீன் இல்ல. இது வேற."

"பாத்தீங்களாண்ணே" என்று மகனிடம் சொன்னாள். "எண்ணெ அழுத்தம் கொறைஞ்சா கொறைஞ்சதுதான். அதுக்குப் பள்ளம் தெரியுமா மேடு தெரியுமா?"

எழுபது வருஷத்தில் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டார்கள். வயல் நடுவே பெட்ரோல் இல்லாமல் உருண்டதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். பள்ளத்தில் விளக்கு எரிந்தது என்கிற இந்தச் சின்ன விஷயத்துக்குக் கேட்க ஆளில்லை. மகன் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தான்.

"காளியம்மா, நீ பாத்தியா?"

"நான் தும்மிக்கிட்டிருந்தேன்."

"ஷீலா, நான் சொல்றத பத்தால வகுத்துக்க. பாக்கி என்ன வருதோ அத மட்டும் நம்பு."

அவள் ஸ்பேனரைப் பெட்டிக்குள் வைக்கப் போனாள். பாதியில் கை நின்றது.

"எண்ணெக்குத்தான் பள்ளம் தெரியாது" என்றாள், யாருக்கும் சொல்லாத மாதிரி. "ஒயருக்குத் தெரியும்."

மகனை ஓட்டுநர் சீட்டில் உட்காரச் சொன்னாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. சாவியைப் பாதி திருப்பினால் அந்தச் சிவப்பு விளக்கு எரியும், அது எல்லாக் காடியிலும் உள்ளதுதான். இஞ்சின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவு ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதன் தலையிலிருந்து ஒரே ஒரு ஒயர் அந்த விளக்குக்குப் போகிறது. எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது அந்த சுவிட்ச் ஒயரை இஞ்சினின் இரும்போடு சேர்த்துவிடும், விளக்கு எரியும்.

"இப்ப ஒயர சுவிட்ச்சுலேர்ந்து கழட்டுறேன்" என்றாள் ஷீலா. "வெளக்கு அணையணும். அணையலன்னா ஒயர் வேற எங்கயோ இரும்புல ஒரசுதுன்னு அர்த்தம். இஞ்சின் மேல பழி கெடையாது."

கழற்றினாள்.

"அணைஞ்சிருச்சாண்ணே?"

"இல்ல."

"நல்லா பாருங்க."

"எரியுது ஷீலா. அப்படியே எரியுது."

நான் இடி தாங்கியிருக்கிறேன். ஒரே மரத்தடியில் ஒரே நாளில் இரண்டு இடி. அப்போதுகூட எதையும் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. வெள்ளச்சியின் மூஞ்சியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஷீலா அவசரப்படவில்லை. சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் மீட்டர் ஒன்றை முறுக்கினாள். இஞ்சினைக் கிளப்பச் சொன்னாள். மீட்டரின் முள் ஒரு துள்ளு துள்ளி ஏறி, பச்சைக் கோட்டுக்கு மேல் போய் ஆடாமல் நின்றது. கறுப்புப் புகை இல்லை, கடகட சத்தம் இல்லை.

"இளம் பொண்ணு மாதிரி அழுத்தம் வச்சிருக்கா" என்றாள். "ஒயர்தான். எங்க ஒரசுதுன்னு பாப்போம்."

இஞ்சினை நிறுத்திவிட்டு டார்ச் லைட்டோடு குனிந்தாள். ஒயரைப் பிடித்துக்கொண்டே போனவள், புகைக்குழாய் பக்கம் நின்றாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"மாமா, இங்க யாரு ஊறுகா போட்டது?"

எட்டிப் பார்த்தேன். புகைக்குழாய்க்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சை. பூஜையிலிருந்து அந்தச் சூட்டில் வெந்து, கறுத்து, சுருங்கி, ஆட்டுப் புழுக்கை நிறத்துக்கு வந்திருந்தது. மேலும் கீழும் மிளகாய், நன்றாக வறுபட்டு. குரங்கு எடுத்ததாக நான் நினைத்த அதே மாலை. நூலில் கோர்க்கவில்லை, இரும்புக் கம்பியில் கோர்த்திருந்தது. கம்பியின் ஒரு முனை இஞ்சின் இரும்பில். மறு முனை, சுவிட்சுக்குப் போகிற அந்த ஒரே ஒயரில், இறுக்கி, பல சுற்று. ஒவ்வொரு பள்ளத்திலும் எலுமிச்சை ஆட, கம்பி ஒயரின் தோலைச் சீவியிருக்கிறது.

"யாரு கட்டுனது?" என்று கேட்டேன்.

சீட்டிலிருந்து இறங்கி நின்ற மகன் வெள்ளச்சியின் கூரைத் துருவைப் பார்த்தான்.

"நான்தான் கட்டச் சொன்னேன்" என்றாள் காளியம்மா பின் சீட்டிலிருந்து. "நீங்க காய்ச்சல்ல கெடந்தீங்க. வெளிய கட்டுனா கொரங்கு எடுத்துரும், உள்ள கட்டுடா தம்பின்னு சொன்னேன்."

"எதுலடா கட்டுன?"

"அங்க கைக்கு வாட்டமா ஒரு ஒயர் இருந்துச்சு" என்றான் புவனேசன். "நூல்ல கட்டுனா சூட்டுல அறுந்துரும். அதான் பேக்டரிலேர்ந்து கம்பி கொண்டாந்தேன்." கொஞ்சம் நிறுத்தினான். "நீங்க தனியா ஓட்டிக்கிட்டுப் போறீங்க. எங்கயாச்சும் மோதிட்டீங்கன்னா. விழக்கூடாதுன்னு இறுக்கிக் கட்டுனேன்."

"இறுக்கிட்டீங்கண்ணே" என்றாள் ஷீலா. "இஞ்சின் போனாலும் இது போகாது."

பெசி பூரோக்குக்கு அனுப்ப நினைத்த காடிக்கு, எனக்குத் தெரியாமல் திருஷ்டி கழித்திருக்கிறான். ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். தும்மல்தான் வந்தது.

அவனுக்கும் வந்தது. தும்மினான், மறுபடி தும்மினான். மூன்றாவது வந்தது தும்மல் இல்லை. சிரிப்பு முதலில் மூக்கு வழியாகக் கசிந்தது. பிறகு கூரையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். காளியம்மா கதவைத் திறந்து, பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று இறங்கி ஓடி வந்தாள்.

ஷீலா கம்பியை வெட்டி எடுத்து, சீவிப்போன இடத்தில் டேப் சுற்றினாள். சுவிட்சை மாட்டினாள். புவனேசன் சாவியைத் திருப்பினான். குவளை சிவப்பாக எரிந்தது. இஞ்சின் பிடித்தது. குவளை அணைந்தது. அணைந்தே இருந்தது. உலகத்தில் எரியாத விளக்கைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"பெசி பூரோக்?" என்று கேட்டேன்.

"ஏறுங்கப்பா. காது குத்தி முடிச்சிருப்பாங்க" என்றான். "நான் ஓட்டுறேன். திரும்பி வரும்போது நீங்க ஓட்டுங்க."

காதெல்லாம் குத்தி முடித்திருந்தார்கள். குழந்தை அழுது ஓய்ந்து தூங்கியிருந்தது. அந்த வீட்டிலேயே காளியம்மா ஒரு எலுமிச்சையும் மிளகாயும் வாங்கி, நூலில் கோர்த்து, வெள்ளச்சியின் முகத்தில், வெளியே, எல்லோரும் பார்க்கக் கட்டினாள். மறுநாள் காலை ஒரு கிழட்டுக் குரங்கு வந்தது. பானட் மேல் ஏறி உட்கார்ந்து மிளகாயைக் கடித்து, தும்மி, பின் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு எலுமிச்சையோடு போனது.

இதைச் சாப்பாட்டுக் கடையில் சொன்னேன். ஒயர், மீட்டர், வெந்த எலுமிச்சை, குரங்கு தலையாட்டியது எல்லாவற்றையும் நம்பினார்கள். புவனேசன் சிரித்தான் என்றதும் தே தாரிக்கை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.